நாட்டுப்புறத்து ஆந்தைகளை இனங்கண்டறிதல்

நம் சங்கங்களின் கணக்குகளையும் இருப்புக் கிடங்குகளையும் பார்வையிடும் அலுவல் எனக்கு வாய்த்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. தண்டையார்பேட்டையிலிருந்து புறப்பட்டு, திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர், பொன்னேரி என்று வடக்கே சென்று, ஆங்காங்குள்ள நெசவாளர் சங்கங்களையும் விவசாயிகள் சங்கங்களையும் சோதித்துக் குறிப்பெழுதி மீள்வது என் வேலை. ரொக்கக் குறைவையும் இருப்புக் குறைவையும் கண்டுபிடிக்கப் பயின்ற எனக்கு, கிடங்கின் உத்தரத்தில் அமர்ந்திருந்த பறவை இன்னதென்று நெடுநாள்வரை தெரியாதிருந்தது. அந்த அறியாமையால் விளைந்த தவறொன்றை முதலில் அங்கத்தினர்களுக்குச் சொல்லிவிட்டு, அதன் பின்னர்ப் பாடத்திற்கு வருகிறேன்.

ஒரு குறிப்பும் அதன் விளைவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் பழைய கிடங்கைப் பார்வையிட்டேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஓட்டுக் கூரை; முகட்டுச் சுவரில் செங்கல் பெயர்ந்த ஒரு பொந்து. அதன் கீழே சுவரில் வெண்ணிற எச்சம் வழிந்திருந்தது. தரையில் கட்டைவிரற் பருமனுள்ள கரிய உருண்டைகள் சிதறிக் கிடந்தன. நூல் சிப்பங்கள் அருகிலேயே அடுக்கப்பட்டிருந்தன. "கிடங்கில் பறவைத் தொல்லை உள்ளது, துவாரத்தை உடனே அடைத்து அறிக்கை செய்க" என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டேன். காரியதரிசி கடமை தவறாதவர். மறுநாளே கொத்தனாரை அழைத்துப் பொந்தைச் சிமெண்டு கொண்டு பூசிவிட்டார்.

இரண்டு வாரங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது, முதியவரான காவற்காரர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, சுவருக்குள்ளே மூன்று இரவு சீறல் கேட்டது. பாம்பு என்று பயந்து ஒருவரும் கிட்டப் போகவில்லை. வெள்ளையாக ஒரு பறவை வந்து வந்து ஓட்டின் மேல் உட்கார்ந்தது. நாலாம் இரவு சத்தம் நின்றுவிட்டது" என்றார். அவர் சொல்லியதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னொரு நாள் பறவைகளைப் பற்றிய நூலொன்றைப் புரட்டுகையில், கூகைக் குஞ்சுகள் இரை வேண்டிப் பாம்பைப் போலச் சீறும் என்று படித்தேன். நெஞ்சு திடுக்கிட்டது. சுவருக்குள் சீறியது பாம்பன்று. நான் குப்பையென்று எண்ணிய உருண்டைகள், எலிகளைத் தின்ற பறவை கக்கிய எலும்பும் மயிருமே.

அடுத்த ஆண்டுச் சோதனையில் எலி கடித்த நூற்சிட்டங்கள் அக்கிடங்கில் தனியே கட்டி வைக்கப்பட்டிருந்தன. பொந்தை அடைத்ததே அதற்கு முழுக் காரணம் என்று கூற நான் துணியேன். ஆயினும், ஊதியமின்றிக் காவல் புரிந்த ஒன்றைத் தொல்லையென்று எழுதிய கை என்னுடையது. பார்த்தது இன்னதென்று அறியாமல் குறிப்பெழுதலாகாது என்பதே நான் கற்றது. இப்பாடத்தின் கருத்தும் அதுவே.

ஆந்தையால் நமக்கு ஆவதென்ன?

விவசாயிகளுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சொர்ணவாரியாயினும் சம்பாவாயினும் நவரையாயினும், பயிர் பொதி கட்டும் வேளையில் எலிகள் வரப்பு வளைகளிலிருந்து கிளம்பித் தண்டுகளைச் சாய்த்துக் கடித்து எறிகின்றன. தின்பது சிறிது, அழிப்பது பெரிது. அறுவடைக்குப் பின் கதிர்களை வளைக்குள் இழுத்துச் சேமித்தும் வைக்கின்றன.

நெசவாளர்க்கும் இதில் பங்குண்டு. பாவுக்கு நாம் போடும் கஞ்சி எலிக்கு உணவு. கஞ்சி தோய்த்த பாவில் ஓரிடத்தில் எலி பல் வைத்தால், அறுந்த இழைகளை முடிந்து முடித்துத் தறியில் ஏற்றுவதற்குள் ஒரு நாட்கூலி போய்விடும். திருவொற்றியூரை அடுத்த காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்க்கென ஏற்பட்ட குடியிருப்பு. அவர் பெயரே திரிந்து அப்பெயராயிற்று. துணியும் நூலும் தானியமும் துறைமுகத்தை நோக்கிக் குவியும் இக்கடற்கரைப் பகுதியில் எலிக்கு என்றும் குறைவில்லை. மழை வெள்ளம் தேங்குங்கால் எலிக்காய்ச்சலும் உடன் வருகிறது.

இவ்வெலிகளை இரவில் வேட்டையாடுவதையே தொழிலாகக் கொண்டது கூகை. வளர்ந்த கூகை ஒன்று ஓரிரவில் ஓரிரு எலிகளையோ, அவற்றுக்கு ஈடான சுண்டெலிகளையோ உண்ணும். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் தாயும் தந்தையும் இரவு முழுவதும் இரை சுமந்த வண்ணம் இருக்கும்.

ஆந்தையின் உடலமைப்பு

இனங்காணுமுன் ஆந்தைக் குலத்திற்குப் பொதுவான இயல்புகளை அறிதல் நலம். பிற பறவைகளின் கண்கள் தலையின் இரு மருங்கிலும் இருக்க, ஆந்தையின் கண்கள் மனிதனுடையவை போல் முன்னோக்கியிருக்கும். அவை குழியில் அசையா. ஆகவே பக்கத்தில் பார்க்க வேண்டின் தலையையே திருப்ப வேண்டும். கழுத்தில் பதினான்கு எலும்புகள் இருப்பதால், ஏறத்தாழ 270 பாகை வரை அது தலையைத் திருப்ப வல்லது.

இறகுகள் பஞ்சு போல் மென்மையானவை. சிறகின் முன்விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற நுண்ணிய அமைப்பும், பின்விளிம்பில் நெகிழ்ந்த குஞ்சமும் உண்டு. காற்றைக் கிழிக்கும் ஓசை இவற்றால் அடங்குகிறது. தலைக்கு மேல் கூகை பறந்து சென்றாலும் நாம் அறியாதது இதனாலேயாகும்.

கேள்வித் திறன் அனைத்தினும் வியப்பானது. கூகையின் வட்ட முகம் ஒலியைக் குவிக்கும் தட்டு. இரு செவித் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலும் மற்றது சற்றுக் கீழும் உள்ளன. ஒலி வரும் திசையை மேல்கீழாகவும் இடவலமாகவும் அளக்க இது துணை செய்கிறது. அமெரிக்க அறிஞர் ரோஜர் பெய்ன், ஒளி சிறிதும் புகாத அறையில் தரையில் சருகு பரப்பி எலியை ஓடவிட்டு, கூகை அதனைச் செவியாலேயே பிடிக்கிறது என்று காட்டி, 1962-இல் அதைப் பற்றி எழுதினார்.

எங்கே, எவ்வாறு தேடுவது?

ஆந்தையைக் காண்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. பின்வரும் ஐந்து அடையாளங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, காக்கைகளின் ஆரவாரம். பகலில் ஒரு மரத்தைச் சூழ்ந்து காக்கைகளும் கரிச்சான்களும் மைனாக்களும் இடைவிடாது கத்தினால், அம்மரத்தின் இலைச்செறிவில் ஆந்தை இருக்கலாம். பகலில் காக்கை கூகையை வெல்லும் என்னும் செய்தியோடு காலமறிதல் அதிகாரத்தைத் தொடங்கிய வள்ளுவர், இக்காட்சியை நேரில் கண்டவராகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, எச்சம். மரப்பொந்து, கோயிற் கோபுரம், பாழ் மண்டபம், கிணற்றுச் சுவர், கிடங்கின் முகடு ஆகியவற்றின் கீழ்ச் சுண்ணாம்பு வழிந்தாற்போன்ற தடம் இருந்தால் மேலே நோக்குக.

மூன்றாவது, கக்கல் உருண்டை. ஆந்தை இரையைப் பெரும்பாலும் முழுமையாக விழுங்கும். செரியாத எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரண்டு வாய் வழியே வெளிவரும். கூகையின் உருண்டை கரியதாய், விரல் நீளத்தில் பாதி இருக்கும். அதை நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் மண்டையோடுகள் கிட்டும். அவற்றை எண்ணினால் எத்தனை எலிகள் என்று தெரிந்துவிடும். எந்தப் பறவையும் இவ்வளவு ஒழுங்காகத் தன் செலவுக் கணக்கை நமக்கு எழுதி வைப்பதில்லை. பிரித்த பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

நான்காவது, அந்திக் குரல். கதிரவன் மறைந்த பின் முதல் அரைமணி நேரம் சந்தடியற்ற ஓரிடத்தில் அமர்ந்து செவி கொடுக்க. எண்ணெய்க் கிடங்குகளும் சரக்கு இரயில்களும் நெருங்கிய எங்கள் தண்டையார்பேட்டையிலும், லாரிகளின் இரைச்சல் சற்று ஓய்ந்தவுடன் புள்ளி ஆந்தைகளின் கலகலப்பு தூங்குமூஞ்சி மரத்திலிருந்து கேட்கிறது.

ஐந்தாவது, கம்பத்தின் மேல் தெரியும் உருவம். வயலோர மின்கம்பம், வேலிக்கல், பனைமட்டை நுனி ஆகியவற்றில் கழுத்தில்லாத குடம் போன்ற நிழல் தென்பட்டால் நின்று பார்க்க.

ஆறு கேள்விகள்

ஆந்தையைக் கண்டவுடன் அதன் பெயரைத் தேட வேண்டா. கீழ்க்காணும் ஆறு கேள்விகளுக்கு விடை எழுதுக; பெயர் தானே கிடைக்கும்.

1. உருவம் மைனா அளவா, காக்கை அளவா, பருந்தினும் பருமனா?
2. தலையில் கொம்பு போன்ற இறகுக் குஞ்சங்கள் உண்டா?
3. கண்மணியைச் சூழ்ந்த நிறம் மஞ்சளா, செம்மஞ்சளா, கருமையா?
4. முகம் இதய வடிவா, வட்டமா?
5. கால்களில் இறகு போர்த்தியுள்ளதா, வெறுங்காலா?
6. எவ்விடத்தில், எந்நேரத்தில், எக்குரலோடு கண்டது?

நம் பக்கத்தில் காணத்தக்கவை

கூகை. சாக்குருவி என்று பலர் அஞ்சுவது இதனையே. காக்கை அளவினது, ஏறத்தாழ 36 செ.மீ. நீளம். முகம் வெண்மையாய், இதய வடிவாய் இருக்கும். கண்கள் கரியவை, கொம்பு இல்லை. முதுகு பொன்னிறமும் சாம்பலும் கலந்தது. வயிறு பட்டுப்போன்ற வெண்மை, அதில் சிறு புள்ளிகள். கால்கள் நீண்டவை. கிறீச்சிடும், சீறும், குறட்டை விடும். மரத்தைவிடக் கட்டடத்தை விரும்பும். நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை இடும். முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்குவதால், ஒரே கூட்டில் பெரிய குஞ்சும் சிறிய குஞ்சும் படிப்படியாக நிற்கும். குஞ்சுகள் பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும்.

புள்ளி ஆந்தை. நாம் அடிக்கடி காண்பது இதுவே. மைனா அளவினதாயினும் பருத்துக் குறுகியது, 21 செ.மீ. சாம்பற் பழுப்பு உடலில் வெண்புள்ளிகள், மஞ்சட் கண்கள், கொம்பு இல்லை. இணையாகவோ குடும்பமாகவோ வாழும். இருள் சூழுமுன்பே பொந்தின் வாயிலில் வந்து அமர்ந்து, அந்நியரைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டும். வண்டு, விட்டில், பல்லி, சுண்டெலி ஆகியவற்றை உண்ணும். ஆதலால் இதுவும் பயிருக்கு நண்பனே.

சிறு கொம்பாந்தை. புள்ளி ஆந்தையினும் சற்றே பெரியது. தெளிவான கொம்பும் கரும்பழுப்புக் கண்களும் உண்டு. பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டி நிற்கும், காண்பது அரிது. இரவில் 'வட்' என்று ஒரே சொல்லைக் கேள்வி கேட்பது போல் இடைவிட்டு இடைவிட்டு நெடுநேரம் சொல்லும். தோப்புகளில் கேட்கலாம்.

கொம்பன் ஆந்தை. பேருருவம், ஏறத்தாழ 56 செ.மீ. நிமிர்ந்த கொம்புகள், செம்மஞ்சட் கண்கள், விரல் வரை இறகு போர்த்திய கால்கள். பாறை, கல்லுடைத்த குழி, ஆற்றங்கரைப் பள்ளம் ஆகியவற்றில் வாழும். ஆழ்ந்த குரலில் 'பு-பூ' என்று இரண்டாக ஒலிக்கும். புதுச்சேரிச் சுற்றுவட்டாரத்தில் நடந்த ஆய்வுகளில் இதன் உணவில் எலி இனங்களே மிகுதியாகக் காணப்பட்டன.

மீன் ஆந்தை. அளவில் கொம்பனை ஒத்தது, கொம்பும் உண்டு. பலரும் மயங்குமிடம் இதுவே. காலைப் பார்த்தால் ஐயம் தீரும். மீன் ஆந்தைக்கு வெறுங்கால். நீரில் காலிட்டு மீனும் நண்டும் பிடிப்பதற்கு இறகு இடையூறன்றோ? ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் உள்ள பெருமரங்களில் தேடுக.

பொரிப்புள்ளிக் காட்டாந்தை. 48 செ.மீ. கொம்பில்லாத உருண்டைத் தலை, கரிய கண்கள், முகத்தில் வட்டத்துள் வட்டமாக வரிகள். மா, புளி, ஆல் முதலிய முதிர்ந்த மரங்களுள்ள தோப்புகளில் வாழும். நடுங்கும் குரலில் நீட்டிக் கூவும். பேயென்று அஞ்சியவர்கள் கேட்டது பெரும்பாலும் இக்குரலாகவே இருக்கும்.

குட்டைக் காதாந்தை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருவது. மரத்தில் தங்காது, திறந்த புல்வெளியில் தரையிலேயே அமரும். மாலை வெளிச்சத்திலேயே தாழப் பறந்து வேட்டையாடும். மஞ்சட் கண்கள், மிகச் சிறிய கொம்பு.

பழந்தமிழர் இவ்வினங்களை நன்கு அறிந்திருந்தனர். கூகை, ஆந்தை, குடிஞை, குரால், ஊமன் என்று பெயர்கள் பல வழங்கின. பெண் கோழிக்குரிய 'அளகு' என்னும் பெயர் பெண் கூகைக்கும் பொருந்தும் என்று தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. இன்றோ ஊர்தோறும் பெயர் மாறுகிறது. ஓரூரில் கோட்டான் என்பது வேறூரில் வேறு பறவை. ஆகவே பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், அடையாளத்தைப் பார்த்து முடிவு செய்க.

இரவில் கத்துவதெல்லாம் ஆந்தையன்று என்பதும் நினைவிலிருக்கட்டும். சாலையில் படுத்து, வண்டி விளக்கில் கண் சிவந்து மின்னுவது பக்கி. வானில் 'வாக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக் கழிமுகத்தை நோக்கிச் செல்வது வக்கா என்னும் இராக் கொக்கு. மக்கள் நடமாட்டம் கண்டு வயலில் அலறுவது ஆள்காட்டி.

பொய்க் குறிப்பால் வந்த கேடு

குறிப்பை உள்ளபடி எழுதுவதன் அருமைக்கு, ஆந்தை வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு. புள்ளி ஆந்தையைப் பெரிதும் ஒத்த வனச் சிற்றாந்தை என்னும் இனத்தை 1873-இல் ஹியூம் என்பார் அறிவுலகுக்கு அறிவித்தார். நடு இந்தியக் காடுகளில் கிடைத்த சில உடல்களே அருங்காட்சியகங்களில் இருந்தன. 1884-க்குப் பின் அது கிடைக்கவில்லை. எனினும், 1914-இல் குஜராத்தில் தாம் ஒன்றைப் பிடித்ததாக மைனர்ட்ஸாகன் என்ற ஆங்கிலப் படைத் தலைவர் ஒரு பறவையுடலைக் காட்டியிருந்தார். அக்குறிப்பை நம்பிப் பிற்காலத்தவர் அங்குத் தேடி ஏமாந்தனர்.

அமெரிக்க அறிஞர் பமீலா ராஸ்முசென் அவ்வுடலை நுணுகி ஆராய்ந்தார். அது 1884-இல் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்தது. அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு, மறுபடி தைக்கப்பட்டு, பொய்ச் சீட்டுக் கட்டப்பட்டது என்று கண்டுபிடித்தார். பொய்ப் பதிவை நீக்கி, மெய்ப் பதிவுகள் காட்டிய இடங்களில் தேடியபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அவரும் உடன் சென்றவர்களும் உயிருள்ள சிற்றாந்தையைக் கண்டனர். 113 ஆண்டு மறைவு அன்று முடிந்தது. தணிக்கை அலுவலில் இருப்போர் இதைப் படித்தால், பொய்ப் பற்றுச்சீட்டு எவ்வளவு தொலைவு சென்று கெடுக்கும் என்பதை உணர்வர்.

ஆகவே நம் அங்கத்தினர்கள் குறிப்பேடு ஒன்று வைக்குங்கால், "ஆந்தை கண்டேன்" என்று எழுதுவதால் பயனில்லை. "கதிரவன் மறைந்து பத்து நிமிடம், வாய்க்கால் ஓரப் பனை, மைனா அளவு, கொம்பு இல்லை, மஞ்சட் கண், தலையை ஆட்டியது, கால் தெரியவில்லை" என்று எழுதுக. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதே நல்ல குறிப்பின் இலக்கணம். கைப்பேசியில் படமெடுப்போர் ஒளிவிளக்கைக் கண்ணில் பாய்ச்ச வேண்டா. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து அழைப்பதும், கூட்டை நெருங்குவதும் தகா.

சகுனம் என்னும் அச்சம்

"ஐயா, அது கத்தினால் வீட்டில் சாவு விழும்" என்று ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார். அவரை நான் எள்ளி நகைக்கவில்லை. நோயாளி கிடக்கும் வீட்டில் விளக்கு இரவெல்லாம் எரியும். விளக்கை நாடிப் பூச்சி வரும். பூச்சியை நாடி ஆந்தை வரும். நோயாளி இறந்தால் பழி பறவையின் மேல் விழுகிறது. "அம்மா, அது சாவைத் தேடி வரவில்லை, விட்டிலைத் தேடி வந்தது" என்றேன். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, "அப்படியும் இருக்கும்" என்றார். வங்காளத்தில் இதே ஆந்தை திருமகளின் ஊர்தியாக வணங்கப்படுகிறது. பறவை ஒன்றுதான், ஊருக்கு ஊர் எண்ணம் வேறு.

இவ்வச்சத்தைப் பயன்படுத்தி மாந்திரீகத்தின் பேரால் ஆந்தைகளைப் பிடித்து விற்போரும் உளர். டிராஃபிக் இந்தியா என்னும் அமைப்பு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் அப்போது அறியப்பட்ட 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் இவ்வாறு விற்பனைக்கு வந்தது தெரிந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆந்தையைக் கொல்வதும் பிடிப்பதும் விற்பதும் குற்றம். காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ சிதைப்பதையும் அச்சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. நான் எழுதிய குறிப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அச்சட்டத்தைப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

சங்கம் செய்யத்தக்கவை

ஆந்தைக்கு வரப்பு எல்லை தெரியாது. ஓர் உழவர் தம் வயலில் அதற்கு இடங்கொடுக்க, பக்கத்து வயற்காரர் நஞ்சு வைத்தால் பயனில்லை. புரோமடையலோன் போன்ற நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதனை எளிதில் பிடித்துண்ணும் கூகைக்கும் நஞ்சு ஏறுகிறது. எலியைக் கொல்ல வைத்த மருந்து எலிக்கொல்லியையும் கொல்கிறது. தனியொருவரால் ஆகாத இச்செயலுக்குச் சங்கமே தகுந்த கருவி. 1904-இல் நம் திருவள்ளூர் வட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியபோதும், தனியே ஆகாததைக் கூடிச் செய்தல் என்பதே அதன் அடிப்படை.

கூடிச் செய்து வெற்றி கண்டோர் உண்டு. இஸ்ரேலில் ஸ்டே எலியாகு என்னும் கூட்டுறவுப் பண்ணைக் கிராமத்தார் 1983-இல் வயல்களில் கூகைப் பெட்டிகளை நிறுவத் தொடங்கினர். 2002 முதல் எல்லைக்கு அப்பாலுள்ள ஜோர்டான் உழவரும் அம்முயற்சியில் சேர்ந்தனர். பகைமைக்குப் பெயர் போன எல்லையில் ஒரு பறவை இரு பக்கத்தாரையும் ஒரே வேலையில் இணைத்தது. மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களிலும் 1980-களிலிருந்து கூகைப் பெட்டிகள் வைக்கப்படுகின்றன.

நம் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க சில செயல்களைக் கூறுகிறேன்.

வயலில் 'டி' எழுத்து வடிவில் மரத்தாங்கிகளையோ, பனைமட்டைகளையோ நட்டால் ஆந்தை அமர்ந்து வேட்டையாடும். தஞ்சைப் பக்கத்து உழவர் இதனை நன்கறிவர். கதிர் முற்றத் தொடங்கியதும் அவற்றை எடுத்துவிடுக. இல்லையேல் தானியந்தின்னும் குருவிகள் அமரும்.

கிடங்கின் வெளிச்சுவரில், ஆள் கைக்கெட்டாத உயரத்தில், மழைச் சாரல் படாத பக்கம் நோக்கிப் பலகைப் பெட்டி ஒன்று பொருத்தலாம். ஏறத்தாழ இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், அதே உயரம், ஆறங்குலச் சதுர வாயில் இருந்தால் கூகைக்குப் போதும். உள்ளே வராமையால் நூலும் தானியமும் எச்சத்தினின்று தப்பும்; காவலும் நீங்காது.

பழைய பொந்தை அடைக்க நேர்ந்தால், முதலில் அந்தியில் நின்று கவனிக்க. உள்ளே சீறல் கேட்டால், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை காத்திருக்க. இரண்டு மாதத் தாமதத்தால் சங்கம் நட்டப்பட்டுவிடாது.

வரப்புகளைக் குறுக்கி, வளைகளை ஊரார் ஒரே நாளில் கூடி வெட்டுக. நஞ்சு வைத்தே தீரவேண்டின் வேளாண்மை அலுவலரைக் கேட்டு அளவோடு வைத்து, செத்த எலிகளைக் காலையில் பொறுக்கி ஆழப் புதைக்க. அடிபட்ட ஆந்தை கிடைத்தால் வீட்டில் வளர்க்க முற்படாது வனத்துறைக்கு அறிவிக்க.

பயிற்சி

அடுத்த படிப்பு வட்டக் கூட்டத்திற்கு அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைச் செய்து வருக.

1. உங்கள் சங்கக் கிடங்கின் சுவர்களையும் தரையையும் சோதித்து, எச்சம், கக்கல் உருண்டை ஆகியவை உள்ளனவா என்று எழுதுக.
2. உருண்டை ஒன்றைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணுக.
3. கொம்பன் ஆந்தைக்கும் மீன் ஆந்தைக்கும் வேறுபாடு யாது? கூகைக்கும் புள்ளி ஆந்தைக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றைக் கூறுக.
4. ஓர் அந்திப் பொழுதில் கண்ட பறவையை, மேற்கூறிய ஆறு கேள்விகளின்படி குறிப்பெழுதிக் காட்டுக.

இப்போது நான் கிடங்குகளைப் பார்வையிடும்போது, இருப்புச் சரிபார்ப்பு முடிந்த பின் சிறிது நேரம் முகட்டையும் நோக்குகிறேன். சென்ற மாதம் வேறொரு சங்கத்தில் அதே வகைப் பொந்தையும் அதே உருண்டைகளையும் கண்டேன். காரியதரிசி, நான் சொல்லுமுன்பே, "அடைத்துவிடட்டுமா, சார்?" என்று கேட்டார். இருட்டும்வரை இருவரும் வாயிலில் அமர்ந்திருந்தோம். சீறல் கேட்டது. சற்றுப் பொறுத்து வெண்ணிறப் பறவையொன்று ஓசையின்றி எங்கள் தலைக்கு மேல் வந்து, காலில் எலியோடு உள்ளே புகுந்தது. அன்றைய ஆய்வுக் குறிப்பில் நான் எழுதியது இது: "முகட்டில் கூகை குஞ்சுகளோடு உள்ளது. பொந்தை அடைக்க வேண்டா. நூல் சிப்பங்களை எதிர்ச்சுவருக்கு மாற்றுக."